ஒருமை

"எங்களுக்கு நேற்று ராத்திரி கொஞ்சம் இருமல்"
என்கிறார் ரோமுவல்தாஸ்.
"மூன்று மணிக்குச் சளி எடுத்தோம்.
அப்புறம் தூங்கிவிட்டோம்."

தூங்கியது டங்குவொலே.
அவர் நாற்காலியில் உட்கார்ந்து
இயந்திரத்தின் பச்சைப் புள்ளியையே
பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு வருடமாக அவர் வாயில்
தன்மைப் பன்மைதான்.
எங்களுக்கு மலச்சிக்கல். எங்களுக்கு அடுத்த மாதம் ஸ்கேன்.
ரொட்டிக்கடையிலும்,
கடினமானது வேண்டாம், எங்களால் விழுங்க முடியவில்லை.
"அம்மா எப்படி?" என்று டப்ளினிலிருந்து மகன் கேட்டால்
"தாக்குப்பிடிக்கிறோம்."

கிளைப்பேடா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
கப்பலிலிருந்து முப்பது டன்னைத் தூக்கி
முட்டை வைப்பதுபோல் வைத்த கை.
அந்தக் கைதான் முந்தின குளிர்காலத்தில்
பீட்ரூட் சூப்பைக் கிண்ணத்தோடு சுவரில் அடித்தது.
அவள் பக்கம் அல்ல.
ஆனால் அவள் பார்த்தாள்.
கறை போகவில்லை, மேலே ஒரு காலண்டரை மாட்டினார்.
ஆண்டு முடிந்தும் கழற்ற முடியாத காலண்டர்.
சமையலறையில் இன்னும் அந்த பிப்ரவரி.

வியாழக்கிழமை செவிலி இனேதா வருகிறாள்.
ரத்த அழுத்தம், படுக்கைப்புண், குழாய்.
எழுதி முடித்துவிட்டுக் கேட்கிறாள்:
"நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?"
"நாங்கள் பரவாயில்லை."
"இல்லை. நீங்கள்."
"அதைத்தான் சொல்கிறேன். நாங்கள்..."

அவர்கள் மொழியிலும்
மரியாதைக்கும் கூட்டத்துக்கும் ஒரே சொல்.
ஒரு மனிதர் உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாம்.

பேனாவை மூடுகிறாள்.
மகள் வயதுக்காரி,
"நீ" என்கிறாள்.
"நீ எப்போது தூங்கினாய்?"

அந்த ஓரெழுத்தை அவரிடம் கடைசியாகச் சொன்னவள்
டங்குவொலே, அவளுக்கு நாக்கு புரண்ட காலத்தில்.
வாயைத் திறந்தார்.
வினைச்சொல் வந்தது, விகுதி வரவில்லை.

"ரெண்டு மணி நேரம் நான் இருக்கிறேன். வெளியே போய்விட்டு வா."

படகுத்துறை. பத்து நிமிடத்தில் அக்கரை, மணல்திட்டு.
எல்லோரும் இறங்கினார்கள், சைக்கிள்களும் ஒரு நாயும்.
அவர் இறங்கவில்லை.
அதே படகில் திரும்பினார். மறுபடியும் போனார்.
டிக்கெட் பார்ப்பவர் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் முறை, நடுத்தண்ணீரில்
ஒரு நினைப்பு:
வீட்டில் இப்போது மின்சாரம் போனால்.
அது பயமா ஆசையா என்று எட்டிப் பார்க்கப் போனவர்
பாதியில் நின்றுகொண்டார்.
டீசல் வாடை. காது விறைத்துவிட்டது.

"குளிருகிறது" என்றார் கம்பியைப் பிடித்தபடி.
பிறகு, யாரும் கேட்காததால்,
மெதுவாக,
"எனக்கு."