பேய் கட்டியிருந்த வாட்ச்

பேய் வாட்ச் கட்டியிருக்கிறது.
பதினெட்டு தடவை பார்த்திருப்போம்,
ஒருத்தன் கண்ணிலும் படவில்லை.
படத்தில் நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கிறது,
அதன் மணிக்கட்டில் நாலேகால்.

குடிகாட்டு அறையில் அப்போது நாலு பேர்.
சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தால்
சட்டையெல்லாம் அழுகிய முட்டை நாற்றம்.
தூக்கம் வராது.
திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டு வாசலில்
நசுருதீன் முப்பது ரூபாய்க்கு வாங்கிய சிடி.
பேய் வாயைத் திறக்குமுன்
மெய்கண்டான் வசனத்தைச் சொல்லிவிடுவான்,
பேய் அவனைப் பார்த்துச் சொல்லும்.

இன்று மஞ்சக்குப்பம் வீட்டில் பெரிய டிவி,
சுத்தமான பிரிண்ட்.
வாட்ச் மட்டுமா,
பறக்கும் நாற்காலிக்கு மேலே நைலான் கயிறு.
சாய்ந்தால் அசைகிறது மாளிகைச் சுவர்.
மந்திரவாதியின் மீசை ஒரு ஷாட்டில் ஏறி
அடுத்த ஷாட்டில் இறங்கி.
இதெல்லாம் பரவாயில்லை.
இதற்காகவே இன்னும் கொஞ்சம் பிடித்தது.

சில்வர் பீச்சில் வாங்கிய சுண்டலோடு
பத்து நிமிஷம் பொறுத்த விசாலி
"இதுல எங்க சிரிக்கணும்?" என்றாள்.
கிண்டல் இல்லை,
நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

எங்கள் சிடியில் ஒரு கீறல் இருந்தது.
சமையல்காரி அஞ்சலை விளக்கோடு மாடிப்படி ஏறுவாள்,
படம் நின்று, கட்டம் கட்டமாகச் சிதறி,
ஒரு துள்ளல்.
பார்த்தால் எல்லோரும் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள்.
ஏன் ஓடுகிறார்கள் என்பதற்கு
ஆளுக்கொரு கதை வைத்திருந்தோம்.
மெய்கண்டான் கதையில் அஞ்சலைதான் நிஜப் பேய்.
அந்துவான் கதையில் அவள் மேலே போய்
பேயோடு உட்கார்ந்து டீ குடிக்கிறாள்.
இந்தச் சண்டையில் ஒருநாள்
மீன்குழம்புச் சட்டி உடைந்தது.

இன்று கீறல் இல்லை.
அஞ்சலை ஏறுகிறாள்.
பேய் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கிறது,
பார்த்து, அலறி ஓடுகிறது.
அவ்வளவுதான்.
அவள் நிறத்துக்கு இரண்டு வசனம்:
தார் டின், அமாவாசை.
தியேட்டர் சிரித்து முடிக்கும்வரை
அவள் பல்லின்மேல் நிற்கிறது கேமரா.
பிறகு எல்லோரும் தோட்டத்தில் ஓடுகிறார்கள்.

சிரித்திருப்போம்.
அந்த வயதில், அந்த அறையில்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
எங்களுக்கு முன்னால் சிரித்திருப்பான் மெய்கண்டான்,
கரிமூட்டை என்று நாங்கள் கூப்பிட்ட மெய்கண்டான்.
என் போனில் அவன் நம்பர்
இன்னும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

விசாலி தூங்கப் போய்விட்டாள்.
பின்னுக்கு ஓட்டி,
அஞ்சலை ஏழாவது படியில் இருக்கும்போது
நிறுத்தி வைத்திருக்கிறேன்.
காலில் கொலுசு இல்லை.
ஆனால் படம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.