எட்டாம் நிறம்

சரவணம்பட்டி, மூன்றாம் மாடி.
ஏசி நின்றுபோன இரவு.
கறுப்புத் திரையில்
நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகள்
ஓடி இறங்குகின்றன.

தேறியது பச்சை, தோற்றது சிவப்பு,
தள்ளிவைத்தது மஞ்சள்.
கருவியோடு வந்த நிறங்கள்.
எந்த ஊரிலோ யாரோ
சிக்னலில் நின்றபடி முடிவு செய்திருக்க வேண்டும்.

எனக்குப் பிடிக்கவில்லை.
அமைப்புக் கோப்பைத் திறந்தேன்.
நிறத்துக்கு ஓர் எண்.
பச்சையை எடுத்துவிட்டு
மழை விட்ட மருதமலையின் நீலம் தேடினேன்:
அறுபத்தேழு, ஏறக்குறைய.
சிவப்பு கத்த வேண்டாம், செங்கல் போதும்:
நூற்று முப்பத்தொன்று.
சென்னியப்பன் எட்டிப் பார்த்தான்.
"பக் பாக்கறீங்களா,
பொங்கலுக்கு வெள்ளையடிக்கறீங்களா?"

மஞ்சள்தான் உறுத்தியது.
ஒரே ஒரு வரி,
ஆடியில் நானே தள்ளிவைத்தது.
சாய எடையில் புள்ளி இடம் மாறினால்
என்ன ஆகும் என்று கேட்கிற சோதனை.
பக்கத்தில் என் குறிப்பு: அப்புறம் பார்க்கலாம்.
அதற்கு எட்டாம் எண்ணைக் கொடுத்தேன்,
கறுப்பின் மேல் இன்னொரு கறுப்பு.
திரை மெழுகிவிட்டதுபோல் ஆயிற்று.
அன்று நல்ல தூக்கம்.

ஐப்பசியில் பெருமாநல்லூர்ச் சாயப்பட்டறையிலிருந்து போன்.
ஷேடு மாஸ்டர் குப்பண்ணன்.
"ஏனுங்க அம்மிணி,
கிலோவுக்கு மூணு கிராம்னா
முப்பதுன்னு காட்டுதுங்க உங்க பெட்டி.
நைட் ஷிப்ட் பையன் அப்படியே போட்டுட்டான்.
நானூறு கிலோ துணிங்க.
இளரோசா கேட்டவனுக்கு என்னத்தைக் காட்டறது?"
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நேரில் போனேன்.
ஆவியும் உப்பும் மணக்கும் அறையில்
மடிக்கணினியை விரித்து ஓட்டிக் காட்டினேன்.
எல்லாம் நீலம், பாருங்கள், எல்லாம் நீலம்.
அவர் குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"நடுவுல ஒரு வரி இருக்குதுங்களே?"

இல்லைங்க, அது...

"இருக்குதுங்க.
கறுப்புலயே பதினோரு கறுப்பு பிரிக்கறவன் நான்.
என்னமோ எழுதியிருக்குது."

கம்ப்ரஸர் ஒருமுறை இரைந்து அடங்கியது.
நானே வாசித்துக் காட்டினேன்,
தேதியையும் சேர்த்து.

கோப்பைத் திறந்து எட்டை அழித்தேன்.
என்ன நிறம் வைக்கட்டுங்க என்றேன்,
வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.
கெட்டுப்போன துணியில் ஒரு முனையை
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
"இதையே வைங்க. மறக்காது."

நூற்று அறுபத்தொன்று.
சரியாகப் பொருந்தவில்லை,
பொருந்தாது என்று அவரும் சொன்னார்.

இன்று இரவு அந்த நிறத்தில் இரண்டு வரிகள்.
சென்னியப்பனுடையது ஒன்று.
மற்றது
என்னுடையது.