பன்னிரண்டாவது மூட்டை

பன்னிரண்டு மூட்டையா என்றார் கத்பான்.
தராசிலிருந்து கையை எடுக்கவில்லை.
எத்தனை பேர் செத்தார்கள், மொஹந்தஸ்?

அஹ்வாஸ் கடைத்தெருவில் கொனார் இலைத் தூளை
தலைமுடிக்குத் தேய்ப்பவர்கள் வாங்குவார்கள்,
விட்டால், பிணத்தைக் கழுவுபவர்கள்.
இலந்தைச் சாதி மரம். முள் நிறைய, நிழல் கொஞ்சம்.
பன்னிரண்டு மூட்டைக்கு
எந்தக் கூந்தலும் கட்டுப்படியாகாது.

யாரும் சாகவில்லை என்றேன்.
ஒரு கிணறு வீங்குகிறது.

அதை அவருக்கு எப்படிச் சொல்வது?
இரண்டாயிரத்து நூறு மீட்டருக்குக் கீழே
கருங்களிப் பாறை.
கோடி வருஷம் வாய் திறக்காமல் கிடந்தது.
துளை போட்டு, துளை சரியாமலிருக்கச்
சேற்றுநீரை இறக்கினால்
அது குடிக்கிறது. குடித்துப் பருக்கிறது.
பருத்த சுவர் குழாயின் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது.
திங்கள் இரவு பிடித்தது,
வியாழன் விடியும்வரை விடவில்லை.
டீசலில் கலக்கிய சேறென்றால் பாறை குடிக்காது.
ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் கோதுமை.
கழிவுக்குழி நிறைந்தால் எங்கே ஊற்றுவது?

நாஹீத் ஆய்வகத்தில்
களிமண்ணை மாத்திரையாக அழுத்தி
வெறும் தண்ணீரில் ஒன்று போட்டாள்,
கொனார் நீரில் ஒன்று.
மறுநாள் காலை
முதலாவது உப்பி உடைந்து கஞ்சியாகக் கிடந்தது.
மற்றது ஓரம் மட்டும் இளகி
தன் வட்டத்தை மறக்காமல் இருந்தது.
அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு
மேசையைத் துடைக்கப் போனாள்.

கத்பான் பதினொன்றுதான் ஏற்றினார்.
ஒன்று இருக்கட்டும்,
ஊரிலும் சாகிறார்கள் என்றார்.

மூன்று மூட்டை கொட்டியதும் தொட்டி நுரைத்தது.
நுரைக்கும் என்று தெரியும்.
இவ்வளவு என்று தெரியாது.
விளிம்பேறி, இரும்புப் படிக்கட்டில் இறங்கி
சல்லடைக்காரன் முழங்காலைத் தொட்டது.
பம்பு காற்றை விழுங்கி இருமியது.
பையன்கள் நுரையை அள்ளித் தலையில் வைத்து
மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று கத்தினார்கள்.
மேலாளர் என்னைப் பார்த்தார்.
நான் அழுத்தமானியைப் பார்த்தேன்.
நுரைகொல்லி வர நான்கு மணி நேரம்.

அலீதாத் மட்டும் சிரிக்கவில்லை.
வாசனை எட்டாத பக்கமாகப் போய் நின்றான்.
போன குளிர்காலத்தில் அவன் தம்பி.
கையுறையைக் கழற்றி
விரல்களை முகர்ந்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான்.
பிறகு வந்து
நான்காவது மூட்டையை அவனே பிரித்தான்.
மெதுவாகப் போடு என்றான் பக்கத்திலிருந்தவனிடம்,
கட்டி விழக்கூடாது.

அதன்பின் எல்லாம் எண்கள்.
கசிவு குறைந்தது, பாகுத்தன்மை நின்றது.
சல்லடையில் வந்த பாறைச் சில்லுகள்
முனை மழுங்காமல் வந்தன,
கீறிப் பார்த்தால் நகம்தான் வலித்தது.
எட்டாம் நாள் உறைக்குழாய்
தட்டாமல் முட்டாமல் அடிவரை இறங்கிற்று.
நான்கு வரி அறிக்கை எழுதினேன்.
அடுத்த கிணற்றுக்கு
அறுபது மூட்டை கேட்டது கம்பெனி.

அறுபது என்றபோது
யார் செத்தார்கள் என்று கத்பான் கேட்கவில்லை.
விலை ஏறிவிட்டது மொஹந்தஸ், உங்களால்தான்,
கோபமில்லாமல்,
வெயில் கூடுதல் என்பதுபோல.

எனக்கு முன்னால் ஒரு பெண்.
கறுப்பு அபாயாவின் விளிம்பில் புழுதி.
அரைக் கிலோ கேட்டாள். விலை கேட்டாள்.
கால் கிலோ போதும் என்றாள்,
சின்ன உடம்புதான்.

கத்பான் உள்ளே போய்
ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார்.
வாய் இன்னும் தைத்தபடியே இருந்தது.
கத்தியால் நூலை அறுத்தார்.
பழைய சரக்கு, பழைய விலை என்றார் அவளிடம்.

தராசு முள் நிற்கும்வரை
யாரும் பேசவில்லை.
அவள் போனதும்
அறுபதுக்கு முன்பணம் கட்டினேன்.