கடைசிப் பாட்டுக்கு முன்னால்

செக்காலை ரோட்டில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே
ஒன்பது வருஷமாய் ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்டவள் நான்.
காசிக்குப் போட்டிருக்கிறேன், கோலாலம்பூருக்குப் போட்டிருக்கிறேன்,
தட்கல் திறக்கும் நொடியில் என் விரல் தப்பியதில்லை.
'பயணி பெயர்' என்ற கட்டத்தில்
மரகதம் என்று அடிக்கும்போதுதான்
ஓர் எழுத்துப் பிழை விழுந்தது.

மூன்று பேர். கச்சேரிச் சீட்டு மார்ச்சிலேயே வாங்கியாச்சு,
ஜெசிந்தாவின் கார்டில்.
பின்பகுதி. நின்றுதான் கேட்க வேண்டும்.
சென்னை என்று போட்டிருந்தான்.
வரைபடத்தை இழுத்துப் பார்த்தால்
சென்னை முடிந்து, கடல் கூடவே வந்து,
உப்பளம் தாண்டி ஒரு மைதானம்.

போவதில் சிக்கல் இல்லை. விடிகாலைப் பல்லவன், மதியம் எழும்பூர்.
ஏறியதும் தூங்கிவிட வேண்டும் என்பது சிகப்பியின் கட்சி.
திருச்சியில் வடை வரும்வரை யாரும் கண்மூடக் கூடாது
என்பது எதிர்க்கட்சி.
திரும்பி வருவதுதான் வழக்கு.
பாட்டு முடியப் பதினொன்று ஆகும்.
அதற்குள் நம்ம பக்க ரயிலெல்லாம்
விழுப்புரம் பார்த்துப் போயிருக்கும்.
அடுத்த பல்லவன் மறுநாள் மத்தியானத்துக்கு மேல்.
நடுவில் ஓர் இரவு கிடக்கிறது
யார் பெயரிலும் பதிவாகாமல்.

முதல் லாட்ஜ்: "கூட ஜென்ட்ஸ் யாரு வர்றாங்க?"
இரண்டாவது லாட்ஜ்: அதே கேள்வி, கொஞ்சம் மரியாதையாக.
மூன்றாவதில் ஆதார் போதும் என்றார்கள்,
வாடகை மட்டும் என் கடையின் ஒரு மாத வாடகை.
ஜெசிந்தாவின் சித்தி தாம்பரத்தில் இருக்கிறார்.
சித்திக்குத் தெரிந்தால் தேவகோட்டைக்குத் தெரியும்,
திங்கள் சந்தையில் தக்காளிக்காரி
"பாட்டெல்லாம் எப்படி?" என்று எடைபோட்டுக்கொண்டே கேட்பாள்.
வீட்டில் நாங்கள் சொல்லியிருப்பது பயிற்சி வகுப்பு.
எதில் பயிற்சி என்று இன்னும் முடிவாகவில்லை.

நகரத்தார் விடுதிக்குச் சிகப்பி போன் போட்டாள், ஸ்பீக்கரில்.
"எந்த ஊரு ஆச்சி? எந்தக் கோயில்?"
இளையாத்தங்குடி.
"சரி. வீட்டுக்காரர் புள்ளி எங்க இருக்கு?"
அவள் என் கீபோர்டைப் பார்த்தாள்.
விவாகரத்துக்கு அந்த நோட்டில் கட்டம் இல்லை போல.
"கூட வர்ற ரெண்டு பேரும் நம்ம ஆளுகதானே?"
"ரொம்ப நம்ம ஆளுக," என்று சொல்லி
போனை வைத்துவிட்டாள்.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
லேமினேஷனுக்கு வந்தவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

அறையே வேண்டாம் என்று முதலில் சொன்னது யார், நினைவில்லை.
கிளாம்பாக்கத்தில் பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு படுக்கைப் பேருந்து.
மேல்தட்டில் மூன்று இடம், பெண்களுக்கென்று இளஞ்சிவப்பில்.
படுத்தால் சென்னை, விழித்தால் திருமயம்.
எட்டரைக்குக் காரைக்குடி, ஒன்பதுக்குக் கடை.
லாட்ஜ்காரர்கள் கேட்ட அந்த ஆண்பிள்ளை
முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வருவார்.

ஒரே ஓர் இடைஞ்சல்.
மைதானத்திலிருந்து கிளாம்பாக்கம் ஒன்றரை மணி நேரம்,
கூட்டம் கலைந்தபின் என்றால் இரண்டுக்கு மேல்.
பத்தே முக்காலுக்கு வாசலைத் தாண்டியாக வேண்டும்.
அதாவது
கடைசிப் பாட்டு எங்களுக்கு இல்லை.

அது எந்தப் பாட்டு என்பதில் ஒரு வாரமாய்ச் சண்டை.
மழைப் பாட்டென்றால் பாட்டு போகட்டும்,
அந்த வயலின் பாட்டென்றால் பஸ் போகட்டும் என்கிறாள் ஜெசிந்தா.
சிகப்பி கணக்குப் பிள்ளை மாதிரி யோசித்துச் சொன்னாள்:
"அவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வச்சிருப்பான்.
ஆட்டோவுலயும் கேக்கும், கொஞ்ச தூரத்துக்கு."

'உறுதி செய்க' என்பதை அமுக்கினேன்.
வட்டம் சுற்றியது. இன்னும் சுற்றியது.
வெளியே நின்றவர் தலையை நீட்டி
"நம்மளது ஆயிருச்சா?" என்றார்.
ஆயிருச்சுண்ணே, என்றேன்,
எங்களுடையதைப் பார்த்துக்கொண்டே.