காலிப் புட்டி

இபதான் ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்கு
செவ்வாய்தோறும் ஒருவன் வருகிறான்.
மருந்து வேண்டாமாம்.
காலிப் புட்டி போதும்,
லேபிள் கிழியாமல்.
மூடியும் இருந்தால் இன்னும் ஐம்பது நைரா.

நர்ஸ் மொரெனிக்கே பதில் சொல்வதில்லை.
அட்டைப்பெட்டியைக் குறுக்கே கத்தரிக்கிறாள்:
கம்பெனிப் பெயர், தொகுதி எண்,
காலாவதித் தேதி.
மின்னும் முத்திரையை நகத்தால் சுரண்டுகிறாள்.
புட்டிகளுக்குச் சாக்கும் சுத்தியலும்.

"குப்பை மேல் ஏனம்மா இத்தனை கோபம்?"
சிரிக்கிறான்.

போன மழைக்காலம்
மூன்றாம் வார்டில் ஒரு பையனின் நரம்பில்
ஏறியது உப்புத்தண்ணீர்.

புட்டி அசல்தான்.
லேபிள் ஓரத்தில்
யாரோ தேய்த்தும் போகாத நீல மை:
படுக்கை பதினேழு.

அவள் கையெழுத்து.
அதற்கு முந்தைய மாதத்து
நோயாளி.