ஈ மூன்று

ஈ மூன்று காட்டுதாம்.
மூடியைத் திறந்து நான் ஈயைத் தேடினேன்.
சிவலோஜினி அக்கா சிரிக்கவில்லை.
மூன்று மாதக் கட்டுக்காசு இன்னும் மிச்சம்.
அரிசி போட்டால் ஒரு நிமிடம் யோசிக்குமாம்,
பிறகு கீக் கீக் என்று முனகிவிட்டு
அணைந்துபோகுமாம்.

மல்லாவிச் சந்தியில்
கடைத் தகரம் அடுப்பாகும் நேரம்.
கவிழ்த்து வைத்து ஆறு திருகாணி கழற்றினேன்.
ஏழாவது ஒட்டுத்தாளுக்குக் கீழே ஒளிந்திருக்கும்,
கம்பனிக்காரனின் குறும்பு.
உள்ளே கருகிய இரண்டு பருக்கை,
ஒரு கரப்பான் கால்.
நடுவில், சுருள்வில்லின் மேல்,
சட்டியின் அடியைத் தொட்டுப் பார்க்கும் குமிழ்.

மீற்றரை வைத்தேன். ஒன்றும் பேசவில்லை.

"செத்திட்டுதோ?"
"பொறுங்கோ."
"பொய்க்கு ஏதும் வைச்சு ஓடப்பண்ணேலாதோ?"

ஏலும்.
சின்னத் தடை ஒன்றைப் பற்றவைத்தால்
எப்போதும் அறைச்சூடு என்றே நம்பும்.
நம்பி எரித்துக்கொண்டேயிருக்கும்,
சோறு கரியான பிறகும்.
"அது சரிவராது" என்று மட்டும் சொன்னேன்.

மூலையில் கிடந்த குக்கரின் குமிழை மாட்டினேன்.
ஓடியது.
அரைச் சுண்டு அரிசியை
ஒன்பது நிமிடத்தில் வெந்ததாக அறிவித்தது.
வாயில் போட்டேன், கல்.
வேறு வீட்டுக் குமிழுக்கு வேறு கணக்கு,
இளஞ்சூட்டையே கொதி என்கிறது.

பழையதையே திரும்ப எடுத்தேன்.
இந்தமுறை வயரை விட்டுவிட்டு
குமிழின் காலிலேயே முள்ளைக் குத்தினேன்.
நூறு என்றது.
பக்கத்துக் கடையிலிருந்து அப்போதுதான் வந்த
பிளேன்ரீக்குள் தலையை அமிழ்த்தினேன்.
எழுபது, நாற்பது, பன்னிரண்டு.
சூடு ஏற எண் இறங்கும்,
அதன் வழக்கம் அப்படி.

"சாகேல்லை அக்கா, வயர்தான்.
வெளியில கீறல்கூட இல்லை.
சட்டி ஏறி இறங்கி ஏறி இறங்கி
உள்ளுக்கை செம்பு அறுந்திருக்கு."

சொல்லி நிமிர்ந்தால்
மேசையில் இடம் விடுவதற்காக
அந்தப் பிளேன்ரீப் பேணியை
இடக்கையால் பொத்திப் பிடித்தபடி நிற்கிறா.
பிடியில்லாத எவர்சில்வர்.
பன்னிரண்டு, இப்போதுதான் அளந்தேன்.

"அக்கா, சுடேல்லையோ?"
"எந்தக் கை, இதோ?" குனிந்து பார்த்தா.
"இது இரணைப்பாலையோட விட்டிட்டுது."
பேணியைக் கீழே வைத்துவிட்டு
உள்ளங்கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தா,
வாங்கிய மீனைப் பார்ப்பது போல.

புது வயரை இரண்டு விரற்கடை கூட விட்டு
ஈயம் வைத்தேன்.
மிச்ச அரிசி வெந்தது, குழையாமல்.
இருநூறு கேட்டேன், முந்நூறு தந்தா,
நூறைத் திருப்பிக் கொடுக்க வாங்கவில்லை.

படி இறங்கியவ திரும்பி வந்தா.
"தம்பி, உந்தக் கீக் சத்தத்தைக்
கொஞ்சம் கூட்டேலாதோ?"

திரும்பவும் ஆறு திருகாணி. ஏழாவது.
சத்தம் போடும் கறுப்பு வில்லையின் வாயில்
கம்பனி ஒட்டிய வட்டத்தாள்
அப்படியே இருந்தது.
உரித்தேன்.