இருபத்தொன்பது

எங்கள் காலத்தில் பூப்பந்துக்கு
இருபத்தொன்பது புள்ளி.
பிறகு முப்பத்தைந்தாக்கினார்கள்.
விதி மாறிய அந்த வாரம் முழுக்க
மாயழகு மாஸ்டர் யாரோடும் பேசவில்லையாம்.
அப்போது அவரால் பேசாமல் இருக்க முடிந்தது.
பேசவும் முடிந்தது.

செல்லூர் மாநகராட்சிப் பள்ளிக்குப் பின்னால்
வலை கட்ட இரண்டு இரும்புக் கம்பம்.
ஒன்று வடக்கே சாய்ந்திருக்கும்.
அந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு
அரை விரற்கடை அதிர்ஷ்டம்.
மஞ்சள் கம்பளிப் பந்து
தூறல் பட்டால் கனத்துவிடும்.
ரெஜினாள் மிஸ் அதை அக்குளில் இடுக்கி
சூடேற்றியபடியே
எங்கள் கணக்கு நோட்டுகளைத் திருத்துவார்.
ஈரப் பந்து வாசனையோடுதான்
எனக்கு அல்ஜீப்ரா வந்தது, வந்த அளவுக்கு.

மிஸ்தான் முதலில் போனார்.
செவ்வாயும் வெள்ளியும் பெரியாஸ்பத்திரி,
மறுநாள் மைதானம்.
டயாலிசிஸுக்காக நரம்பை இணைத்த இடது கையை நீட்டி
“தொட்டுப் பாருங்கடி, தேனீ ஓடுது” என்பார்.
ஓடியது.
வரிசையில் நின்று தொட்டோம்.
ஒச்சம்மாள் இரண்டு முறை.

மேலூரில் எங்களுக்கு அரையிறுதி.
ஜெயித்து, கலர் குடித்து,
வேனில் பாதி வழி பாடிக்கொண்டு வந்த பிறகு
ஒத்தக்கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி
மாஸ்டர் எங்களிடம் சொன்னார்.
காலை ஏழு மணிக்கே அவருக்குத் தெரியும்.
நாற்பத்தாறு வயது மிஸ்ஸுக்கு.
அந்த ஏழு மணியை
இன்னும் நான் அவருக்கு மன்னிக்கவில்லை.

இப்போது இவர்.
பீடி இல்லை, வெற்றிலை இல்லை,
எங்கள் பெயர்களைத்தான் கத்தினார்.
குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.
கழுத்தில் ஒரு ஓட்டை,
அதன்மேல் வெள்ளைத் துணி.
படிவத்தில் ‘விருப்ப ஓய்வு’ என்றிருக்கிறது.
யாருடைய விருப்பம் என்று எழுத
அதில் கட்டம் இல்லை.

ஏழு வருடம் பாக்கியிருக்க
இருபத்தொன்பது வருட சர்வீஸில் முடித்தார்.
“பழைய விதிப்படி ஆட்டம் சரிதான்” என்றாள் ஒச்சம்மாள்.
யாரும் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து எல்லாரும் சிரித்தோம்.

வழியனுப்பு விழாவுக்கு நான்
ஜங்ஷன் டிக்கெட் கவுண்டரில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு போனேன்.
உசிலம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் ஏறி ஒச்சம்மாள்.
இடுப்பில் பிள்ளையோடு சபூரா.
சுவர்க் கடிகாரம், சந்தன மாலை,
அவர் பெயரைத் தப்பாகச் சொன்ன ஒரு அதிகாரி.
புது பி.டி. வரும்வரை
மைதானத்தைப் பூட்டிவைக்க உத்தரவாம்.

விழா முடிந்ததும் மாஸ்டர் வெளியே நடந்தார்.
இப்போதைய பிள்ளைகள் மட்டையோடு நின்றிருந்தார்கள்.
சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து
பழக்கத்தில் உதட்டில் வைத்தார்.
கன்னம் உப்பியது, அவ்வளவுதான்.
மூச்சு இப்போது அந்த வழியாக வருவதில்லை
என்பது அவருக்கே மறந்திருந்தது.

பிறகு கழுத்துத் துணியை விலக்கி
விசிலை அந்த ஓட்டையில் வைத்து
ஊதினார்.

குக்கர் கூவுவதற்கு முன்னால்
ஒரு சீறல் வருமே, அதுதான்.
அதைக்கூட விசில் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் ஒச்சம்மாள் சேலையைத் தூக்கிச் செருகி
வலையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.
சபூரா பிள்ளையை யார் கையிலோ திணித்தாள்.
நான் இடது பின்வரிசையில் நின்றேன்,
கையில் மட்டைக்குப் பதில் கைப்பை.
மிஸ் பார்த்தால் அடித்திருப்பார்.

மாஸ்டர் என்னைப் பார்த்து
ஒரு விரலை மட்டும் பின்னால் அசைத்தார்.
எப்போதும்போல ஒரு அடி முன்னால் நிற்கிறேனாம்.

அவர் மனைவி தமயந்தி அக்கா
“கிருமி, கிருமி” என்று ஓடிவந்து
விசிலைப் பிடுங்கி
டெட்டால் கேட்டு அலைந்தார்.

நான் ஒரு அடி பின்வாங்கினேன்.
மூவரும் அப்படியே நின்றிருந்தோம்.
எதிர்ப்பக்கம் யாரும் இல்லை.
அடுத்த பந்து யாருக்கு என்று
இன்னும் அவர் சொல்லவில்லை.